நினைவு தவறிப் போய்த் திரும்பியவரை எப்படிப் பார்த்துக்கொள்வது?

மனநல வார்டில் செவிலியராக இருக்கிறேன். வீட்டைவிட்டுப் போய், எங்கே இருந்தோம் என்றே தெரியாமல் திரும்பியவர்களின் குடும்பத்தார் என்னிடம் பெரும்பாலும் ஒன்றைத்தான் கேட்பார்கள்: "ஞாபகம் திரும்ப வர என்ன செய்யணும் சிஸ்டர்?" அது கடைசியாகப் பார்க்க வேண்டிய வேலை என்று சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. இருந்தாலும் அதைத்தான் சொல்கிறேன்.

முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும். சர்க்கரையோ சோடியமோ குறைந்தாலும், தலையில் அடிபட்டாலும், மூளைக்காய்ச்சலிலும், வலிப்பு வந்து அடங்கிய பிறகும் ஆள் இப்படிக் குழம்பிப்போகலாம். அதனால் நேராக அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். ரத்தப் பரிசோதனை, மூளை ஸ்கேன், தேவைப்பட்டால் மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுப்பார்கள். குடிப்பழக்கமோ தூக்க மாத்திரையோ இருந்தால் மானம் பார்க்காமல் சொல்லிவிடுங்கள்.

நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்குத் திடீரென்று வரும் ஒரு மறதி உண்டு. "நான் எப்படி இங்க வந்தேன்?" என்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆனால் தன் பெயர் தெரியும், பெண்டாட்டி பிள்ளை தெரியும். 24 மணி நேரத்துக்குள் சரியாகிவிடும். அது டிரான்சியன்ட் குளோபல் அம்னீசியா. நான் சொல்லவந்தது டிசோசியேட்டிவ் அம்னீசியா, அதாவது தாங்கமுடியாத மன அழுத்தத்தால் வரும் மறதி. அதில் பெரும்பாலும் இது தலைகீழ். இன்று நடந்தது மனசில் நிற்கும், பழைய வாழ்க்கைதான் காணாமல் போயிருக்கும். அதோடு ஆளும் ஊரைவிட்டுக் கிளம்பிப் போயிருந்தால் அதன் பெயர் ஃபியூக். மனநோய்களை வகைப்படுத்தும் டி.எஸ்.எம்.-5 கையேடு 2013-இல் வந்தபோது இதைத் தனி நோயாக வைக்காமல் அந்த மறதியின் ஒரு வகையாகச் சேர்த்துவிட்டது.

எங்கள் வார்டில் ஒருவர் இருந்தார். மனைவி பெயரைக் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார். கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாள் சிக்கியிருந்ததைப் பார்த்துவிட்டு, உப்புத்தாளும் ஸ்க்ரூடிரைவரும் கேட்டு வாங்கி, கழற்றித் தேய்த்து, எண்ணெய் விட்டு மாட்டினார். "பாத்தீங்களா, நடிக்கிறான்" என்றார் தம்பி. நடிப்பில்லை. கை பழகிய வேலையின் நினைவு வேறு, நம் வாழ்க்கைக் கதையின் நினைவு வேறு. பின்னது மறைந்தாலும் முன்னது பெரும்பாலும் அப்படியே இருக்கும். தயவுசெய்து சோதித்துப் பார்க்கிற வேலையை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

சொந்தக்காரர்களை வரிசையாக நிறுத்தி "நான் யாருன்னு சொல்லு" என்று கேட்கவே கூடாது. ஒருவர் போதும். "நான் உங்க தங்கச்சி. ஞாபகம் இல்லைன்னா பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். போட்டோவை அவராகக் கேட்டால் காட்டலாம். காணாமல் போன நாள்களைப் பற்றி நீங்களாக ஊகித்து எதையும் சொல்லாதீர்கள். நீங்கள் சொன்னதே நாளைக்கு அவருடைய நினைவாக உட்கார்ந்துவிடும். அதற்குப் பதில் ஒரு தாளில் எழுதி வையுங்கள்: கடைசியாக எப்போது பார்த்தது, அதற்கு முந்தைய வாரங்களில் கடன், சாவு, அவமானம், அடி உதை ஏதாவது உண்டா? மருத்துவருக்கு அந்தத் தாள்தான் பெரிய உதவி. சில சமயம் ஆபத்தே வீட்டுக்குள் இருக்கும். அதனால்தான் நோயாளியிடம் தனியாகப் பேச உங்களை வெளியே அனுப்புகிறோம். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நினைவைத் திருப்பித் தரும் மாத்திரை கிடையாது. மனச்சோர்வு, பதற்றம் இருந்தால் அதற்கு மருந்து கொடுப்பார்கள். மற்றபடி பாதுகாப்பான இடம், தூக்கம், நிதானமான உளவியல் சிகிச்சை. ஹிப்னாடிசம் செய்யலாமே என்பார்கள். ஆன்சல் போர்ன் என்ற அமெரிக்கப் போதகர் 1887-இல் காணாமல் போய், வேறொரு மாநிலத்தில் பிரவுன் என்ற பெயரில் ஆறு வாரம் போலக் கடை நடத்தினார். பிறகு ஒருநாள் காலையில் தன் பழைய பெயரோடு விழித்தார், கடை ஞாபகம் இல்லை. 1890-இல் வில்லியம் ஜேம்ஸ் என்ற உளவியலாளர் அவரை ஹிப்னாடிசத்தில் ஆழ்த்தியபோது பிரவுன் பேசினார், கடையைப் பற்றிச் சொன்னார். ஆனால் இரண்டு நினைவுகளையும் ஒன்றாக இணைக்க முடியவில்லை. அனுபவமுள்ளவர் கையில் அது ஒரு கருவி, அவ்வளவுதான். தப்பான நினைவுகளை விதைக்கவும் செய்யும்.

பலருக்கு நினைவு தானாகவே திரும்பும். எல்லாரும் நிம்மதி அடையும் அந்த நேரத்தில்தான் எனக்குப் பயம் அதிகம். எதிலிருந்து ஓடினாரோ அதுவும் சேர்ந்து திரும்பும், தற்கொலை எண்ணம் வரலாம். மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள், தனியாக விடாதீர்கள், "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

அலைந்த நாள்கள் மட்டும் கடைசிவரை வெற்றிடமாகவே இருந்துவிடலாம். அதற்காகத் துருவ வேண்டாம். வீட்டு போன் எண் எழுதிய சீட்டு ஒன்று அவர் பர்ஸில் இருக்கட்டும். வண்டி ஓட்டுவதை மருத்துவர் சரி என்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம். அலுவலகத்துக்கு மருத்துவச் சான்றிதழ் போதும், முழுக் கதையும் அவர்களுக்குத் தேவையில்லை.