மெடிகேருக்கு மாறும்போது எச்எஸ்ஏ: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் வருமான வரிப் படிவம் நிரப்பித் தரும் எனக்கு, 65 வயதைக் கடந்தும் வேலையில் நீடிப்போர் எச்எஸ்ஏ என்னும் வரிச்சலுகையுள்ள மருத்துவச் சேமிப்புக் கணக்கில் எங்கள் தலைமுறையின் பழைய பிழைகளையே செய்வது ஆண்டுதோறும் கண்ணில் படுகிறது. முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் சேர்ந்தபின் அக்கணக்கில் பணம் போடலாகாது என்பதை அனைவரும் அறிவர், அதை விட்டுவிடுகிறேன்.

முன்தேதியிட்டு வரும் பார்ட் ஏ

என்னை இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். 65 கடந்தபின் விண்ணப்பித்தால், மெடிகேரின் மருத்துவமனைக் காப்பீட்டுப் பகுதியான பார்ட் ஏ ஆறு மாதம் வரை முன்தேதியிட்டுத் தொடங்கும். 65 நிறையும் மாதத்துக்கு முன்னால் மட்டும் போகாது. 67 வயதான ஒருவர் 2025 நவம்பர் வரை வேலை பார்த்துவிட்டு டிசம்பரில் விண்ணப்பித்தார். கடைசி நாள் வரை போடலாம் என்று அலுவலகத்தில் சொன்னதை நம்பி, அவ்வாண்டின் தனிநபர் வரம்பான 4,300 டாலரையும், 55 கடந்தோருக்கான கூடுதல் 1,000 டாலரையும் முழுதாகச் செலுத்தியிருந்தார். பார்ட் ஏ ஜூன் 1 அன்றே தொடங்கிவிட்டதால் தகுதியான மாதங்கள் ஐந்துதான்; அதற்குரிய வரம்பு சுமார் 2,208 டாலர். எஞ்சிய 3,092 டாலரை எடுக்காமல் விட்டால் ஆண்டுதோறும் 6 சதவீதம் கூடுதல் வரி. தொடக்கத் தேதி மெடிகேர் அட்டையிலேயே அச்சாகியிருக்கிறது. அந்த அட்டையைப் பையில் வைத்துக்கொண்டே, ஆண்டு முழுவதும் தகுதி இருந்ததாக வரி மென்பொருளுக்குப் பதில் சொல்லியிருந்தார்!

தாக்கல் கெடு முடியாததால் பிழைத்தார். அதிகப்படித் தொகையையும் அது ஈட்டிய வருவாயையும், கணக்கை நடத்தும் நிறுவனத்திடம் அதற்குரிய படிவத்தில் கேட்டுத்தான் திரும்பப் பெற வேண்டும். சாதாரணமாகப் பணம் எடுப்பது இதற்கு ஈடாகாது. விண்ணப்பிக்க எண்ணும் மாதத்துக்கு ஆறு மாதம் முன்பே, முதலாளி போடும் பங்கையும் சேர்த்து நிறுத்திவிட்டால் இந்த அலைச்சலே இல்லை.

சோஷியல் செக்யூரிட்டி

65-க்குப் பின் இந்த அரசு ஓய்வூதியத்தை வாங்கத் தொடங்கினாலே பார்ட் ஏ தானாக வந்துவிடும்; எச்எஸ்ஏவில் பணம் போடும் தகுதியும் போய்விடும்.

மெடிகேப் பிரீமியம்

மெடிகேர் கட்டாமல் விடும் செலவுகளுக்கான தனியார் காப்பீடே மெடிகேப்; எச்எஸ்ஏ பணத்தை வரியின்றி இதன் பிரீமியத்துக்குச் செலவிட முடியாது. மெடிகேரின் மருத்துவர் செலவுக்கான பார்ட் பி, மருந்துக்கான பார்ட் டி ஆகியவற்றின் பிரீமியங்களுக்குச் செலவிடலாம்.

மனைவியின் பங்கையும் நிறுத்துவது

கணவர் மெடிகேருக்குப் போனாலும், டிடக்டிபிள் (காப்பீடு கட்டத் தொடங்குமுன் நாமே ஏற்கும் தொகை) அதிகமுள்ள தகுதியான குடும்பத் திட்டத்தில் நீடிக்கும், வேறு காப்பீடு இல்லாத மனைவி, தம் பெயரில் எச்எஸ்ஏ திறந்து குடும்ப வரம்பு முழுவதையும் செலுத்தலாம். 2026-இல் அது 8,750 டாலர். ஆனால் அவருக்கே 65 ஆகும்வரை கணவரின் மெடிகேர் பிரீமியத்தை அதிலிருந்து வரியின்றிக் கட்ட இயலாது.