40 மீட்டர் ஹாம் ரேடியோ கிட்: டொராய்டு சுற்றுவதில் கவனிக்க வேண்டியவை

40 மீட்டர் அலைநீளத்தில் இயங்கும் கியூஆர்பி (குறைந்த பவர்) டிரான்ஸ்மிட்டர் கிட்டில் ரெசிஸ்டர் பொருத்துவது சுலபம். வண்ணக்கோடுகளை நம்பாமல் ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் அளந்துவிட்டுப் போடுங்கள். குட்டையான பாகங்கள் முதலில், டொராய்டுகள் (காந்தப்பொருள் வளையத்தில் கம்பி சுற்றிய காயில்கள்) கடைசியில். கிட் ஓடாமல் நிற்பது பெரும்பாலும் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான்.

25 வாட் சால்டரிங் அயர்ன் போதும். ஊசி முனை வேண்டாம். சிறிய உளி முனைதான் சூட்டை நன்றாகக் கடத்தும். 0.8 மி.மீ. 60/40 ரோசின் ஈயம் வாங்குங்கள். டப்பாவில் விற்கும் பேஸ்ட்டைத் தொடாதீர்கள். சிலவற்றில் அமிலம் இருக்கும், நாளடைவில் போர்டை அரித்துவிடும்.

செராமிக் கெபாசிட்டரில் 271 என்றிருந்தால் 270 பைக்கோஃபாரட். 270 என்றிருந்தால் வெறும் 27தான், ஏனென்றால் மூன்றாவது இலக்கம் பூஜ்யங்களின் எண்ணிக்கை. ஃபில்டரில் (தேவையற்ற அதிர்வெண்களைத் தடுக்கும் பகுதியில்) இது மாறினால் பவர் சரியாக வெளியே வராது.

இனி டொராய்டு. முதலில் நிறத்தைப் பாருங்கள். டி37-6 மஞ்சள், டி37-2 சிவப்பு, இரண்டும் ஒரே அளவு. 21 சுற்று சுற்றினால் இண்டக்டன்ஸ் (காயிலின் மின்தூண்டல் அளவு) மஞ்சளில் சுமார் 1.32 மைக்ரோஹென்றி, சிவப்பில் 1.76. மாற்றிப் போட்டால் ஃபில்டர் தடுக்கத் தொடங்கும் அதிர்வெண்ணே நகர்ந்துவிடும்.

எனாமல் பூசிய செம்புக் கம்பியை 35 செ.மீ. வெட்டிக்கொள்ளுங்கள். கம்பி வளையத்தின் துளைக்குள் ஒருமுறை நுழைந்தாலே அது ஒரு சுற்று. வெளிப்பக்கம் வளைத்துக் கொண்டுவருவது இரண்டாவது சுற்று ஆகாது. எண்ணிக்கை தவறுவது இந்த இடத்தில்தான். சுற்றி முடித்ததும் துளைக்குள் தெரியும் கம்பிகளை ஊசி முனையால் தொட்டுத் தொட்டு எண்ணுங்கள். 21க்குப் பதில் 20 ஆனால் இண்டக்டன்ஸ் 9 சதவீதம் குறையும். சுற்றுகளைச் சமமாகப் பரப்பி, இரு முனைகளுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி விடுங்கள்.

அடுத்தது எனாமல். பளபளவென்று செம்பு போலவே தெரிந்தாலும் மேலே பூச்சு இருக்கிறது, அதன்மேல் ஈயம் ஒட்டாது. அயர்ன் முனையில் பெரிய ஈயத்துளியை வைத்து, அதற்குள் கம்பியைப் பத்து விநாடி வரை பிடியுங்கள். புகை எழுந்து, கம்பி வெள்ளியாகப் பூசப்பட்டால் சரி. கறுத்துப்போய் ஈயம் உருண்டு விழுந்தால் அது சூட்டில் கரையாத எனாமல். பிளேடால் எல்லாப் பக்கமும் சுரண்டிவிட்டு மறுபடி செய்யுங்கள். இதைப் போர்டில் வைத்துச் செய்யக் கூடாது, பேட் (பாகத்தின் கால் ஒட்டும் செம்புத் திட்டு) பெயர்ந்துவிடும்.

பொருத்திய பிறகு மல்டிமீட்டரை பஸர் நிலையில் வைத்து, காயிலின் காலில் அல்லாமல், அதோடு இணைந்த பக்கத்துக் கெபாசிட்டரின் காலில் தொட்டுச் சோதியுங்கள். கம்பியில் தொட்டால் ஈயத்துக்கு அடியில் பூச்சு மிச்சமிருப்பது தெரியாமல் போகும்.

முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது ஆன்டெனா வேண்டாம். 100 ஓம், 2 வாட் கார்பன் ஃபிலிம் ரெசிஸ்டர் இரண்டை இணையாகப் போட்டால் ஆன்டெனாவுக்குப் பதிலாக நிற்கும் 50 ஓம் டம்மி லோடு தயார். வயர் வவுண்டு ரெசிஸ்டர் கூடாது, அதுவே ஒரு காயில். லோடின் குறுக்கே 1என்4148 டையோடையும் 0.01 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரையும் தொடராக வைத்து, கெபாசிட்டரின் இரு கால்களுக்கு இடையே டிசி வோல்ட் அளந்துபாருங்கள். 9.4 வோல்ட் வந்தால் ஒரு வாட். டம்மி லோடில் சரியாக வந்தாலும், அமெச்சூர் உரிமம் கைக்கு வரும்வரை ஆன்டெனாவில் டிரான்ஸ்மிட் செய்யாதீர்கள்.

பின்சேர்க்கை: கையேட்டில் 26 ஏடபிள்யூஜி (அமெரிக்கக் கம்பி அளவு) என்றிருந்தால் கடையில் 26 கேஜ் கேட்காதீர்கள். நம் ஊர்க் கடைகளில் கேஜ் என்றால் எஸ்டபிள்யூஜி (பிரிட்டிஷ் கம்பி அளவு). அதில் 27 கேஜ்தான் 26 ஏடபிள்யூஜி போலவே கிட்டத்தட்ட 0.4 மி.மீ.