லாரிக்கு வழி வகுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையிலோ திருப்பூரிலோ போக்குவரத்து நெரிசலைப் பற்றிப் பேச்செடுத்தால், சுற்றி வளைத்துப் பழி லாரி மேல் வந்து விழும். பகலில் லாரியை உள்ளே விடக் கூடாது, பைபாஸில் திருப்பிவிட வேண்டும், பேட்டையை ஊருக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். பம்ப்செட், வார்ப்படம், நூல், பனியன், தேங்காய், கறிக்கோழி, முட்டை என்று கொங்கு நாட்டில் விளைவதும் செய்வதும் எல்லாம் லாரி ஏறித்தான் காசாகிறது. நாமக்கல்லும் சங்ககிரியும் நாட்டுக்கே லாரி ஓட்டும் ஊர்கள். அப்படிப்பட்ட இடத்தில்கூட, லாரியை ஒரு தொந்தரவாக மட்டும் நினைத்து வழித்தடத் திட்டம் எழுதுகிறார்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமை. திட்டம் எழுதுகிற பொறியாளர்களுக்கும், அதன் மேல் கருத்துச் சொல்லப் போகும் ஊர்க்காரர்களுக்கும் உதவட்டும் என்று, அடிக்கடி நடக்கும் தவறுகளை இங்கே எழுதுகிறேன்.

ரோட்டை எண்ணுவார்கள், லோடை விட்டுவிடுவார்கள்

வழக்கமாக நடப்பது இதுதான்: நாலு முக்கில் ஆட்களை உட்கார வைத்து, ஒரு நாள் முழுக்க எத்தனை லாரி போகிறது, எத்தனை கார் போகிறது என்று எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கை தேவைதான். ஆனால் லாரியில் என்ன இருக்கிறது, எங்கே ஏற்றினார்கள், எங்கே இறக்குவார்கள் என்பது அதில் வராது. அது தெரியாமல் வழித்தடம் போட்டால், யாரும் போக விரும்பாத ரோட்டைத்தான் அகலப்படுத்துவோம்.

திருப்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். நூல் மில்லிலிருந்து நிட்டிங் ஷெட்டுக்கு வருகிறது. துணியாகி டையிங்குக்குப் போகிறது. சாயம் ஏறி காம்பாக்டிங், பிறகு கட்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, தையல், அயர்னிங், பேக்கிங். பெரிய கம்பெனிகள் சிலவற்றில் எல்லாம் ஒரே வளாகத்துக்குள் முடிந்துவிடும். மற்றவர்களுக்கு ஒவ்வொரு வேலையும் ஜாப் ஒர்க், ஒவ்வொன்றும் ஒவ்வொரு தெருவில். ஒரே துணி கண்டெய்னர் ஏறுவதற்குள் ஊரைப் பலமுறை குறுக்கே கடந்துவிடுகிறது. அதைச் சுமப்பது பெரிய லாரி அல்ல, குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியும் மூணு சக்கர ஆட்டோவும்தான். கணக்கெடுப்புத் தாளில் அவை சின்ன வண்டிகளோடு சேர்ந்து இலகு ரக வாகனமாகிவிடும். கடைசியில் அறிக்கையைப் புரட்டினால், சரக்கிலேயே மிதக்கிற ஊர் ஏதோ ஆபீஸுக்குப் போய்வருகிறவர்களின் ஊர் மாதிரித் தெரியும். நிட்டிங் ஷெட்டுக்கும் டையிங்குக்கும் நடுவே இருக்கிற குறுகலான ரோட்டுக்கு எந்தத் திட்டத்திலும் பணம் ஒதுக்கியிருக்காது.

எண்ணுகிற நாளும் முக்கியம். ஈரோட்டு ஜவுளிச் சந்தை திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும். மஞ்சள் வரத்து தை, மாசிக்கு மேல் கூடும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் உள்நாட்டு பனியன் சரக்கு பார்சல் ஆபீஸ்களில் மலையாகக் குவியும். பல்லடத்துக் கறிக்கோழி பெரும்பாலும் ராத்திரியில்தான் கேரளாவுக்குக் கிளம்பும், பகல் வெயிலில் கோழி தாங்காது. நடுமாதத்தில் ஒரு புதன்கிழமை, காலை எட்டிலிருந்து மாலை எட்டு வரை எண்ணுகிறவர் கண்ணில் இவற்றில் ஒன்றும் படாது.

தடை போட்டால் சரக்கு குறையும் என்று நம்புவது

இந்தத் தவறைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நெரிசல் என்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுகிற மருந்து இதுதான்.

கோவை ரங்கே கவுண்டர் வீதியும் அதைச் சுற்றியுள்ள தெருக்களும் மளிகை மொத்த வியாபாரம் நடக்கும் இடம். அங்கே வர வேண்டிய பருப்பும் சர்க்கரையும், தடை போட்டதால் வராமல் போய்விடாது. பத்து டன் லாரியைப் பகலில் உள்ளே விடாவிட்டால், ஊர் எல்லையில் குடோன் பிடித்துச் சரக்கை அங்கே இறக்கி, சின்ன வண்டியில் ஏற்றிக் கொண்டுவருவார்கள். குட்டியானை ஒரு நடைக்கு முக்கால் டன்தான் தாங்கும். ஒரு லாரிச் சரக்குக்குப் பதினான்கு நடை. தெருவில் ஒரு லாரி குறைந்து பதினான்கு வண்டி கூடியிருக்கிறது. ஒவ்வொன்றும் கடை வாசலில் நின்று இறக்கியாக வேண்டும். இடையில் ஒரு ஏற்றுகூலி, ஒரு இறக்குகூலி, குடோன் வாடகை எல்லாம் சேர்ந்து கடைசியில் நம் மளிகை பில்லில்தான் வந்து நிற்கும்.

ராத்திரியில் மட்டும் வரலாம் என்றால் வேறு சிக்கல். லாரி ஊருக்குள் வரலாம், மூட்டையை இறக்க யார் இருப்பார்கள்? சுமைத் தொழிலாளர்கள் பகலெல்லாம் வேலை செய்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். கடை பூட்டியிருக்கும். லாரி விடியும் வரை தெருவோரம் நிற்கும், விடிந்ததும் தடை நேரம் தொடங்கிவிடும். தடை முடிகிற நிமிடத்துக்காகக் கோவைக்கு வெளியே நீலம்பூர், சின்னியம்பாளையம் பக்கம் காத்துக் கிடந்த வண்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே புகும். அவசரமாக ஓட்டுவார்கள், ஏனென்றால் அடுத்த லோடு வேறு ஊரில் காத்திருக்கும்.

தடையே கூடாது என்று நான் சொல்லவில்லை. பள்ளி விடும் நேரத்தில் பள்ளி இருக்கும் ரோட்டில் டிப்பர் ஓடக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. ஆனால் தடை போடும்போதே சரக்கு எந்த நேரத்தில், எந்த இடத்தில், யார் கையால் இறங்கும் என்பதற்கும் சேர்த்து வழி சொல்ல வேண்டும். சந்தைத் தெருக்களில் காலை ஐந்திலிருந்து எட்டு வரை இறக்குவதற்கென்றே கோடு போட்டு இடம் ஒதுக்கினால், அங்கே பைக்கும் காரும் நிற்காமல் பார்த்துக்கொண்டால், பாதித் தகராறு தீரும். சட்டத்தையும் மறக்கக் கூடாது: மோட்டார் வாகனச் சட்டத்தின் 115ஆம் பிரிவுப்படி, ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கும் தடையை அரசிதழில் அறிவிக்க வேண்டும், உரிய இடங்களில் பலகை வைக்க வேண்டும். மகாராஷ்டிராவிலிருந்து பஞ்சு ஏற்றிக்கொண்டு வரும் டிரைவருக்குத் தமிழ்ப் பலகை மட்டும் போதாது. அதுவும் திரும்பிப் போக வழியே இல்லாத இடத்தில் வைத்துப் பயனில்லை, முந்தைய சாலைப் பிரிவிலேயே வைக்க வேண்டும்.

காருக்காக வளைவு வரைவது

கோவையில் பல சிக்னல்களை எடுத்துவிட்டு யூ டர்ன் வைத்தார்கள். காருக்கும் பைக்குக்கும் காத்திருப்பு குறைந்தது, உண்மை. டிரெய்லருக்கு என்ன ஆனது என்று ஒரு யூ டர்ன் அருகே அரைமணி நேரம் நின்றால் தெரியும்.

நாற்பது அடிக் கண்டெய்னர், பெட்டி மட்டுமே பன்னிரண்டு மீட்டருக்கு மேல். முன்னால் இழுக்கும் வண்டியையும் சேர்த்தால் இன்னும் நீளம். டிரைவர் திரும்புவதற்கு முன் இடது ஓரத்துக்கே ஒதுங்குவார், அப்போதுதான் வலப்பக்கம் வளைக்க இடம் கிடைக்கும். அந்த இடைவெளியைப் பார்த்ததும் இரண்டு பைக் உள்ளே நுழைந்துவிடும். முன்சக்கரம் அகலமாக வளைந்து போகும், பின்சக்கரம் அதே தடத்தில் வராமல் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். சென்டர் மீடியன் கல் மேல் டயர் ஏறி இறங்கும், பெட்டி ஒரு பக்கம் சாயும். உள்ளே நுழைந்த பைக் இப்போது டயருக்கும் கல்லுக்கும் நடுவில் நிற்கிறது. டிரைவர் கண்ணாடியில் அது தெரியாது. உயிர் போவது இந்த இடத்தில்தான்.

எந்தச் சந்திப்பில் எந்த அளவு வண்டி திரும்பும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் வளைவை வரைய வேண்டும். சிட்கோ, சிப்காட், கண்டெய்னர் டிப்போ, மில் இருக்கும் ரோடுகளில் அந்த வண்டி நாற்பது அடி டிரெய்லர்தான். வரைந்த பிறகு, கல் பதிக்கும் முன், சாக்பீஸால் வரைந்தோ கூம்பு வைத்தோ அதே அளவில் தடம் குறித்து, ஒரு லோடு டிரெய்லரை ஓட்டிப் பார்த்துவிடலாம். ஒரு ராத்திரி வேலை அது. பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலை இறக்கை போகிற ரோடுகளில் ரவுண்டானா கட்டும்போது, நடுத்திட்டைக் கழற்றி வைக்கக்கூடிய மாதிரி அமைப்பதும் இதில் சேர்த்தி. இல்லாவிட்டால் ஒவ்வொரு இறக்கைக்கும் ஜேசிபி வைத்து உடைத்துத் திரும்பக் கட்டுவார்கள்.

பைபாஸ் போட்டதோடு கடமை முடிந்தது என்று இருப்பது

நீலம்பூர் முதல் மதுக்கரை வரை 28 கிலோமீட்டர் எல் அண்ட் டி பைபாஸ், கோவைக்குள் வராமல் கேரளா போகும் லாரிகளுக்காகப் போட்டது. சேலம்–கொச்சி தேசிய நெடுஞ்சாலை 544இல் இரண்டு பக்கமும் அகலப்படுத்திய பிறகும், இந்தத் துண்டு நெடுங்காலம் இருவழியாகவே கிடந்தது. அகலமான ரோட்டில் வேகமாக வந்த வண்டிகள் ஒடுக்கமான ரோட்டில் எதிரெதிரே சந்தித்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த ரோடே சாட்சி. திருச்சி ரோடு, பொள்ளாச்சி ரோடு எல்லாவற்றையும் அது குறுக்கே வெட்டிப் போகிறது.

இதில் பாடம், பைபாஸ் போட்ட நாளிலிருந்தே இரண்டு பக்கமும் சைட் விற்பனை தொடங்கிவிடும் என்பது. பிறகு பேக்கரி, மண்டபம், கல்லூரி. ஒவ்வொருவருக்கும் நேரே பைபாஸில் இறங்க ஒரு வழி வேண்டும். பத்துப் பதினைந்து வருடத்தில் புறவழிச்சாலை ஊர்த்தெருவாகிவிடும். மதுக்கரை அருகே மைல்கல் என்ற இடத்தில் தொடங்கி நரசிம்மநாயக்கன்பாளையம் வரை திட்டமிட்டிருக்கும் மேற்குப் புறவழிச்சாலைக்காவது, அணுகுசாலையும் இறங்குவழிக் கட்டுப்பாடும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். லேஅவுட்டுக்கு அனுமதி தருகிற அலுவலகமும் ரோடு போடுகிற அலுவலகமும் ஒரே வரைபடத்தைப் பார்க்காமல் அது நடக்காது.

ஓட வழி சொல்லிவிட்டு நிற்க இடம் சொல்லாதது

லாரி தன் வாழ்நாளில் பெரும்பகுதி நின்றுகொண்டிருக்கிறது: லோடுக்காக, இறக்குவதற்காக, ரிட்டர்ன் லோடுக்காக, டிரைவர் தூங்குவதற்காக. இடம் கொடுக்காவிட்டால் நெடுஞ்சாலை ஓரம்தான் இடம். இருட்டில் பின்விளக்கு எரியாமல் நிற்கும் லாரியில் போய் மோதிச் செத்தவர்கள் நம் எல்லோருக்கும் தெரிந்த குடும்பங்களில் உண்டு.

பேட்டை கட்டுவதிலும் தவறு நடக்கிறது. மலிவாக நிலம் கிடைத்தது என்று ஊரிலிருந்து தூரத்தில் கட்டிவிட்டு, காலியாகக் கிடக்கிறது என்று வருத்தப்படுவார்கள். புக்கிங் ஆபீஸ் இல்லாத இடத்தில் டிரைவர் ஏன் நிற்பார்? எடைமேடை, டயர் கடை, பஞ்சர் கடை, மெக்கானிக், மெஸ், குளிக்கத் தண்ணீர், சுத்தமான கழிப்பறை, ராத்திரி டீசலும் டார்பாலினும் திருடு போகாத வெளிச்சம், இத்தனையும் கூடவே வர வேண்டும்.

மாவட்ட எல்லையோடு வரைபடத்தை வெட்டுவது

திருப்பூர் 2009இல்தான் தனி மாவட்டமானது. நூல் லாரிக்கு அது தெரியாது. பனியன் கண்டெய்னர் தூத்துக்குடிக்கோ கொச்சிக்கோ போகிறது, வழியில் எந்த மாவட்டத்தில் அடைப்பு வந்தாலும் அடி நம் ஊருக்குத்தான். திம்பம் மலைப்பாதையைப் பாருங்கள்: 27 கொண்டை ஊசி வளைவு, சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். 2022இல் நீதிமன்ற உத்தரவின்படி இரவு நேரப் போக்குவரத்துத் தடை வந்தது, கனரக வண்டிகளுக்குக் கட்டுப்பாடும் வந்தது. காட்டுயிர்களுக்கு அது தேவையான முடிவு. ஆனால் மைசூர்ப் பக்கம் போக வேண்டிய பெரிய வண்டி சேலம், தொப்பூர், ஓசூர் என்று சுற்றிப் போகிறது. அந்தச் சுமை எந்த ரோட்டில் ஏறுகிறது என்பதை ஒரு மாவட்டத் திட்டம் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

எடைக் கணக்கு

2018இல் ஒன்றிய அரசு அச்சுச் சுமை வரம்பை உயர்த்தியது. நாலு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு 10.2 டன் என்பது 11.5 டன் ஆனது. சுமை பன்னிரண்டு, பதின்மூன்று சதவீதம்தான் கூடியது. ஆனால் ரோட்டுக்கு ஏற்படும் சேதம் ஏறக்குறைய சுமையின் நான்காம் அடுக்கில் கூடும் என்பது பொறியாளர்கள் பின்பற்றும் கணக்கு; அதன்படி சேதம் சுமார் அறுபது சதவீதம் அதிகம். காரணம்பேட்டை, கிணத்துக்கடவு பக்கத்து குவாரி டிப்பர்கள் கிராமச் சாலைகளில் ஓவர்லோடோடு ஓடும்போது இந்தக் கணக்கு இன்னும் மோசமாகும். அந்த ரோடுகளை டிப்பர் ரோடாகவே பலமாகப் போடுங்கள், அல்லது குவாரிக்குத் தனி வழி கொடுங்கள். வருடா வருடம் ஒட்டுப்போடுவது இரண்டும் அல்ல.

கேஸும் ஆசிட்டும் போகும் வழி

2025 ஜனவரி 3 விடிகாலை, கொச்சியிலிருந்து வந்த சமையல் எரிவாயு டேங்கர் கோவை அவிநாசி ரோடு மேம்பாலத்தில் கவிழ்ந்து வாயு கசிந்தது. தீயணைப்புத் துறையினர் விடாமல் தண்ணீர் பீய்ச்சி நிலைமையைக் கட்டுப்படுத்தினார்கள், சுற்றுப்புறப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். நகரத்தின் நடுவயிற்றில் நடந்தது அது. ஆபத்தான சரக்குக்கு வழித்தடம் தனியாக வகுத்து, அந்த வழியில் உள்ள கூர்மையான வளைவுகளையும் மேம்பாலச் சரிவுகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்து வைப்பது எந்தத் திட்டத்துக்கும் முதல் அத்தியாயமாக இருக்க வேண்டும். பெரும்பாலும் அது பின்னிணைப்பில்கூட இருக்காது.

டிரைவர் வர முடியாத நேரத்தில் கருத்துக் கேட்பது

கருத்துக் கேட்புக் கூட்டத்தை வேலைநாளில் காலை பதினொரு மணிக்குக் கலெக்டர் ஆபீஸில் வைத்தால், சங்கத் தலைவர்கள் வருவார்கள், வர வேண்டியவர்கள்தான். ஆனால் அந்த நேரத்தில் டிரைவர் ஸ்டியரிங்கில் இருப்பார், லோடுமேன் மூட்டையின் கீழ் இருப்பார். சாயங்காலம் புக்கிங் ஆபீஸ் வாசலில் வரைபடத்தை விரித்து வையுங்கள். எந்த வளைவில் டயர் கல்லேறுகிறது, எந்த ரயில்வே பாலத்தின் அடியில் மழை பெய்தால் வண்டி சிக்குகிறது, எந்தத் தெருவில் கேபிள் ஒயர் லோடில் மாட்டுகிறது, எங்கே போலீஸ் நிற்பதால் எந்தச் சந்தில் நுழைகிறீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் விரல் வைத்த இடத்திலெல்லாம் பேனாவால் குறியுங்கள். திட்டம் அச்சாகும் முன் அதே வாசலுக்கு மறுபடி போய், குறித்ததில் எதைச் சேர்த்தோம், எதைச் சேர்க்கவில்லை, ஏன் சேர்க்கவில்லை என்று அவர்களிடமே சொல்லுங்கள்.