ட்ரோத்தாவின் கடிதங்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1904 அக்டோபர் 2 அன்று, அப்போது ஜெர்மனியின் காலனியாக இருந்த இன்றைய நமீபியாவில், ஜெர்மானியத் தளபதி லோதார் ஃபான் ட்ரோத்தா அந்நாட்டுப் பூர்வகுடிகளான ஹெரேரோக்களுக்கு ஓர் அறிவிப்பு வெளியிட்டார். அது சொன்னது இது: ஹெரேரோ மக்கள் இனி ஜெர்மானியக் குடிகள் இல்லை, நாட்டை விட்டுப் போய்விட வேண்டும். எல்லைக்குள் தென்படும் ஒவ்வொரு ஹெரேரோவும், துப்பாக்கி வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும், சுடப்படுவார். பெண்களையும் குழந்தைகளையும் இனி ஏற்க மாட்டேன், திருப்பித் துரத்துவேன் அல்லது அவர்களைச் சுடச் சொல்வேன். ஹெரேரோ தலைவர் சாமுவேல் மஹாரேரோவைப் பிடித்துக் கொடுத்தால் 5000 மார்க்.

இந்த ஒரு தாளை மட்டும் படித்துவிட்டு நிறுத்துவதுதான் முதல் தவறு. அறிவிப்போடு படைகளுக்கு ஒரு பின்குறிப்பும் போனது. பெண்கள், குழந்தைகளைச் சுடுவது என்றால் அவர்கள் ஓடும்படி தலைக்கு மேலே சுடுவது என்று பொருள்கொள்ள வேண்டும் என்றது அது. ‘பார்த்தீர்களா, அவர் அவ்வளவு கொடியவர் இல்லை’ என்று வாதாடுபவர்கள் பிடித்துக்கொள்வது இந்த வரியைத்தான். சரி, ஓடு என்றால் எங்கே ஓடுவது? ஆகஸ்ட் 11 அன்று வாட்டர்பெர்க்கில் நடந்த சண்டைக்குப் பிறகு ஹெரேரோக்கள் கிழக்கே ஒமாஹெக்கே வறண்ட வெளிக்குள் விரட்டப்பட்டிருந்தார்கள். நீர்நிலைகள் படையின் கையில் இருந்தன. தலைக்கு மேலே சுட்டாலும், அவர்கள் ஓடிய திசையில் தண்ணீர் இல்லை.

இதை நாமாக ஊகிக்க வேண்டியதில்லை, ட்ரோத்தாவே எழுதியிருக்கிறார். இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 4 அன்று, பெர்லினில் இருந்த படைத்தலைமை அதிகாரி ஷ்லீஃபனுக்கு அவர் அனுப்பிய கடிதத்தில், இந்த இனம் இனமாகவே அழிக்கப்பட வேண்டும், அது முடியாவிட்டால் நாட்டை விட்டு விரட்டப்பட வேண்டும் என்கிறார். பெண்களும் குழந்தைகளும் பெரும்பாலும் நோயுற்றவர்கள். அவர்களை ஏற்றுக்கொண்டு நம் வீரர்களுக்கு நோய் தொற்றுவதையும் தண்ணீரும் உணவும் குறைவதையும்விட, அந்த இனம் அழிந்துபோவதே சரி என்றும் எழுதுகிறார். அறிவிப்பு ஹெரேரோக்களுக்கு, பின்குறிப்பு படைக்கு, கடிதம் மேலதிகாரிக்கு. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் அந்த மனிதர் மனதில் இருந்தது முழுதாகத் தெரியும். எனக்கு இதில் மிகவும் வலிப்பது அந்தக் கடிதத்தின் நிதானம்தான். ஒரு மக்களின் சாவை ரேஷன் கணக்கு போல எழுதியிருக்கிறார்.

அப்புறம் தேதிகள். அந்த ஆணை டிசம்பரில் பெர்லினிலிருந்து ரத்து செய்யப்பட்டது. அதோடு எல்லாம் முடிந்தது என்று எழுதிவிடக் கூடாது. சரணடைந்தவர்கள் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். லூடெரிட்ஸ் கரையை ஒட்டிய ஷார்க் தீவு முகாமில் குளிராலும் பசியாலும் நோயாலும் கட்டாய உழைப்பாலும் ஏராளமானவர்கள் செத்தார்கள். ரத்து ஏன் என்பதையும் கவனியுங்கள். அதைக் கேட்டு ஜெர்மானியப் பேரரசர் கைசருக்கு எழுதிய பிரதமர் பியூலோ, இது கிறிஸ்தவ அறத்துக்கு முரண் என்றார். கூடவே, நடைமுறையில் முடியாது, காலனியின் பொருளாதாரத்துக்குக் கேடு, ஜெர்மனியின் பெயர் கெடும் என்றும் சொன்னார்.

அதேபோல, ட்ரோத்தாவை எதிர்த்தவர் என்பதற்காக காலனியின் ஆளுநர் லாய்ட்வைனை நல்லவராக்கிவிடுவதும் தவறு. அழித்தொழிப்பு வேண்டாம் என்று அவர் 1904 பிப்ரவரியிலேயே எழுதினார், உண்மை. மாடு மேய்க்கவும் கூலி வேலைக்கும் ஹெரேரோக்கள் தேவை, அரசியல் ரீதியாக அவர்கள் செத்தால் போதும் என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

ஒரு கடிதம் கிடைக்கவில்லை என்பதை அது எழுதப்படவே இல்லை என்று எடுத்துக்கொள்வதும் ஆபத்து. பிரஷ்யப் படையின் ஆவணங்களில் பெரும்பகுதி 1945 ஏப்ரலில் பாட்ஸ்டாம் குண்டுவீச்சில் எரிந்துபோனது. காலனி அலுவலகக் கோப்புகளில் இருந்த பிரதிகளை வைத்துத்தான் நாம் பலதையும் பேசுகிறோம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, அதிகாரியின் தாளை மட்டுமே ஆவணம் என்று நினைப்பது. அதே நாட்டின் இன்னொரு பூர்வகுடியான நாமா மக்களின் தலைவர் ஹென்ட்ரிக் விட்பூய் கேப் டச்சு மொழியில் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. யுனெஸ்கோ 2005இல் அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. 1890இலேயே அன்றைய ஹெரேரோ தலைவரும் சாமுவேலின் தந்தையுமான மஹாரேரோவுக்கு அவர் எழுதினார்: ஜெர்மானியரிடம் உங்களை ஒப்படைத்தது சூரியனை முதுகில் சுமப்பது போலாகும்.

பிரிட்டிஷார் 1918இல் வெளியிட்ட ‘நீலப் புத்தகம்’ எனப்படும் அரசு அறிக்கையில், உயிர் தப்பியவர்கள் சத்தியம் செய்து சொன்ன வாக்குமூலங்கள் இருக்கின்றன. ஜெர்மனியின் காலனிகளைத் திருப்பித் தராமல் இருக்க பிரிட்டனுக்கு அது வசதியாக இருந்தது, மறுப்பதற்கில்லை. அதற்காக அந்தச் சாட்சிகளைத் தள்ளிவிட முடியாது. 1926இல் தென்மேற்கு ஆப்பிரிக்கா (நமீபியாவின் அன்றைய பெயர்) சட்டமன்றத்தில் இருந்த வெள்ளையர்கள் அந்தப் புத்தகத்தின் பிரதிகளை அழிக்கச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். சில பிரதிகள் தப்பின. ட்ரோத்தாவின் கடிதத்தைப் படிப்பவர்கள் அதையும் எடுத்து மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்.