பழி பிரேக்கர் மேல், தப்பு சிடி வயரில்

பெங்களூரு பீன்யாவில் நான் வேலை பார்க்கும் பட்டறையில் 1600 ஆம்பியர் ஏசிபி என்னும் பெரிய சர்க்யூட் பிரேக்கர் மதியமானால் டிரிப் ஆகிவிடும். "லோடு அதிகம்ணே, செட்டிங்கை ஏத்திடலாம்" என்றான் ஓசூர்த் தம்பி. அந்த வேலையே வேண்டாம் என்றேன்.

பிரேக்கரை விழ வைக்கும் டிரிப் யூனிட்டில் எரிந்தது ஓவர்லோடு விளக்கு அல்ல, கரன்ட் எர்த்துக்குக் கசிகிறது என்று சொல்லும் எர்த் ஃபால்ட் விளக்கு. லோடும் 900ஐத் தாண்டவில்லை. இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகர் வைத்துப் பார்த்தேன், கேபிள்களில் குறையில்லை.

அப்புறம்தான் நியூட்ரலில் ஓடும் கரன்ட்டை அளந்து யூனிட்டுக்குச் சொல்லும் நியூட்ரல் சிடி (கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர்) நினைவுக்கு வந்தது. மூன்று பேஸ், ஒரு நியூட்ரல், நான்கின் கரன்ட்டையும் யூனிட் திசையோடு கூட்டிப் பார்க்கும். எர்த்துக்குக் கசிவில்லை என்றால் விடை சைபர். எங்களுடையது மூன்று போல் பிரேக்கர், நியூட்ரல் அதன் வழியாகப் போகாது, அதனால் நியூட்ரல் சிடி வெளியே பஸ்பாரில் (கரன்ட் போகும் உலோகப் பட்டை) இருக்கிறது. போன மாதம் பேனல் சர்வீஸுக்கு வந்தவர்கள் அந்த சிடியின் செகண்டரி முனைகளான எஸ்1, எஸ்2 வயர்களை இடம் மாற்றி மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மதியம் ஏசிகள் எல்லாம் ஓடும்போது நியூட்ரலில் 180 ஆம்பியர் வரும். கழிய வேண்டியது கூடி, யூனிட் கண்ணுக்கு 360. எர்த் ஃபால்ட் செட்டிங்கோ 320, தாமதம் 0.4 விநாடி. விழாமல் என்ன செய்யும்?

சப்ளையை நிறுத்திவிட்டுத்தான் வயரைத் தொட்டேன். கரன்ட் ஓடும்போது சிடி செகண்டரியைத் திறந்தால் உயிருக்கே ஆபத்து. சரியாக மாட்டி, எஸ்1க்குச் சிவப்பு ஸ்லீவும் போட்டேன். அன்று மதியம் பிரேக்கர் விழவில்லை.