புது ஊரில் பழக்கம் பிடிக்கும்போது செய்யும் தவறுகள்

மாற்றலாகிப் புதுச்சேரிக்கு வந்த பலரும் ஆறு மாதம் கழித்துச் சொல்வது இது: "ஊரு நல்லாத்தான் இருக்கு, பேசிப் பழகத்தான் ஆள் இல்ல." ஊரைக் குறை சொல்லுமுன் நாம் எங்கே சொதப்புகிறோம் என்று பார்ப்போம்.

முதல் தவறு, இடத்தையும் நேரத்தையும் மாற்றிக்கொண்டே இருப்பது. இன்று கடற்கரைச் சாலை, நாளை பாரதி பூங்கா, ஞாயிறு வந்தால் கடலூர் சில்வர் பீச். சுற்றிப் பார்க்க இது சரி, பழகுவதற்கு உதவாது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர் குடியிருப்பை ஆராய்ந்து உளவியலாளர் ஃபெஸ்டிங்கரும் சகாக்களும் 1950இல் எழுதினார்கள்: யார் யாருக்கு நண்பரானார் என்பதில் வீடுகளுக்கு இடையே இருந்த தூரத்துக்குப் பெரிய பங்கு இருந்தது. மாடிப்படியை ஒட்டிக் குடியிருந்தவர்களுக்கு மேல்தளத்திலும் நட்பு கிடைத்தது. அடிக்கடி பார்த்த முகம், அவ்வளவுதான்.

சாயங்காலம் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திய பிறகு கடற்கரைச் சாலையில் தினமும் நடப்பவர்களைக் கவனியுங்கள். முதலில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. சில வாரம் போனால் லேசாக ஒரு தலையசைப்பு. அப்புறம் ஒருநாள், "என்ன சார், நேத்து ஆளக் காணோம்?" அது வருவதற்குள் நாம் வேறு இடம் தேடிப் போய்விடுகிறோம்.

அடுத்தது, பேசிவிட்டு வந்து மனதுக்குள் அசைபோடுவது. "ரொம்பப் பேசிட்டோமோ? போரடிச்சிருக்குமோ?" உளவியலாளர் எரிக்கா பூத்பி குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாகச் சந்தித்துப் பேசியவர்கள் எதிராளிக்குத் தம்மைப் பிடித்த அளவைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். இதில் வேடிக்கை, அந்தப் பக்கமும் அதே சந்தேகம்தான். நீங்கள் மறுநாள் ஒதுங்கி நடந்தால், தன்னைத்தான் பிடிக்கவில்லை போல என்று அவர் நினைத்துக்கொள்வார்.

கேள்வி கேட்பதிலும் ஒரு பக்குவம் வேண்டும். எந்த ஊர், எந்தத் தெரு, குலதெய்வம் எது என்று சுற்றி வளைத்து எங்கே போகிறோம் என்பது கேட்கப்படுகிறவருக்கு நன்றாகவே தெரியும். அந்தப் பேட்டி வேண்டவே வேண்டாம். அவர் சொன்னதிலிருந்து அடுத்த கேள்வியை எடுப்பவரைப் பேசுகிறவருக்குக் கூடுதலாகப் பிடிக்கிறது என்று 2017இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் கண்டார்கள். "பையன் பாரீஸ்ல இருக்கான்" என்று ஒருவர் சொன்னால், நம் மச்சான் துபாய் போன கதையை அவிழ்த்துவிடாமல், "லீவுக்கு எப்ப வர்றாரு?" என்று கேட்டுப் பாருங்கள். முகம் மாறும்.

கடைசியாக, அவசரம். அறிமுகம் சாதாரண நட்பாக ஏறக்குறைய 50 மணி நேரமும், நெருங்கிய நட்பாக 200 மணி நேரத்துக்கு மேலும் ஆகிறது என்பது கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் போட்ட கணக்கு. தினம் அரை மணி நேரம் சேர்ந்து நடந்தால் முதல் படிக்கே மூன்று மாதத்துக்கு மேல் பிடிக்கும். அமெரிக்கக் கணக்கு, இங்கே முன்னே பின்னே இருக்கலாம். வாட்ஸ்அப் எண் கிடைத்த மறுநாளே குட்மார்னிங் படம் அனுப்ப ஆரம்பிப்பதை மட்டும் அதுவரை தள்ளிப்போடுங்கள்.