திருகோணமலை வெயிலுக்கு மலிவான தேசிக்காய், ஏலக்காய் சென்ட்: பார்த்து வாங்கி அடிக்கும் முறை

சென்ட் வாங்கும்போது அதிகம் நடக்கும் பிழை, கடையில் முதல் அடியை (ஒருமுறை ஸ்பிரே செய்வதை) மணந்துவிட்டு உடனே காசைக் கொடுப்பது. தேசிக்காய், தோடம்பழம், பேர்கமொட் (தேசிக்காய்ச் சாதிப் பழம் ஒன்று) மணங்கள் வேகமாக ஆவியாகிப் போகிறவை. தோலில் 15 முதல் 30 நிமிடம் நிற்கும், கச்சான் என்கிற சூடான தென்மேற்குக் காற்று வீசும் மத்தியானத்தில் அவ்வளவும் இராது. அதன் பிறகு ஏலக்காய், மிளகு, சாதிக்காய் வரும். பின்னேரம் வரை உங்களோடு இருப்பது அடியில் கிடக்கும் மரவாசனைதான். போத்தலை அதை வைத்தே தீர்மானியுங்கள்.

பெரிய பெயர்களைப் பின்பற்றிச் செய்த மலிவு சென்ட்கள் இந்த அடிமணத்தில் மூலத்துக்கு நன்றாகக் கிட்ட வருவதுண்டு. 2015இல் வந்த டியோர் நிறுவனத்தின் சவாஜ் சென்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: மேலே பேர்கமொட், நடுவில் மிளகு, கீழே அம்ப்ரொக்சன். அம்ப்ரொக்சன் ஆய்வுகூடத்தில் செய்யும் வாசனைச் சரக்கு, எந்த உற்பத்தியாளரும் வாங்கலாம். நல்ல இயற்கை பேர்கமொட் எண்ணெய்தான் விலை கூடியது. அதில் மிச்சம் பிடிப்பதால் முதல் பத்து நிமிடம் தரை கழுவும் திரவம் மாதிரிக் குத்தும். அதற்காகவே போத்தலைத் தள்ளிவிட வேண்டாம், அந்தக் குத்தல் பெரும்பாலும் அடங்கிவிடும். ஹெர்மெஸின் டெர் டெர்மெஸ் (2006) போன்ற தோடம்பழம், மிளகு, வெட்டிவேர் சேர்க்கை பிடித்தவர்களும் இதே கணக்கில் பார்க்கலாம். ஆனால் பெரிய நிறுவனத்தின் பெயரையே ஒட்டி அரைவிலைக்கும் குறைவாக விற்பது வேறு கதை. அது கள்ளச் சரக்கு, உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. சொந்தப் பெயரில் வரும் போத்தலை எடுங்கள். பெட்டியிலும் போத்தலின் அடியிலும் உள்ள தொகுதி இலக்கம் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பரிசோதிக்க, முழங்கை உட்பக்கத்தில் ஒரே ஒரு அடி. ஒரு நாளில் மூன்று சென்ட்டுக்கு மேல் வேண்டாம், மூக்கு மரத்துப்போகும். ஏசிக் கடைக்குள் நிற்காமல் வெளியே வெயிலில் நடந்து, 5 நிமிடத்தில், அரை மணித்தியாலத்தில், இரண்டு மணித்தியாலத்தில் என்று மணந்து பாருங்கள். கறுவாவும் கராம்பும் சிலருக்குத் தோலில் அரிப்பு, சிவப்பு உண்டாக்கும். அது தெரியவர இரண்டு மூன்று நாள்கூட ஆகலாம், அதுவரை பொறுக்க வேண்டும்.

குளித்து, உடம்பை நன்றாகத் துடைத்த பிறகு அடியுங்கள். தோல் காய்ந்திருந்தால் மணம் சீக்கிரம் போய்விடும். பட்டாணி அளவு வாசலீனை நெஞ்சில் தடவி, அதன்மேல் 15 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடித்து இரண்டு அடி. பிடரியில் ஒன்று, சேட்டின் உட்பக்கத்தில் ஒன்று. மணிக்கட்டுகளை ஒன்றோடொன்று உரசும் பழக்கத்தை விடுங்கள், அந்தச் சூட்டில் மேல்மணம் இன்னும் விரைவாகப் போகும். வெள்ளைச் சேட்டும் வேட்டியும் என்றால் முதலில் உள்மடிப்பில் ஒரு சொட்டு விட்டுக் கறை பிடிக்கிறதா என்று பாருங்கள். சவரம் செய்த கையோடு முகத்தில் போடவே கூடாது.

தேசிக்காய் எண்ணெய் வாங்கி வீட்டில் கலப்பதும் வேண்டாம். பிழிந்தெடுத்த தேசிக்காய், பேர்கமொட் எண்ணெய்கள் பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளமும் வாரக்கணக்கில் மாறாத கருமையும் வரலாம்.

ஒரு மணித்தியாலத்தில் மணம் போய்விட்டதென்று நினைத்து மேலும் மேலும் அடிப்பது அடுத்த பிழை. அம்ப்ரொக்சனுக்கு அடித்தவரின் மூக்கு பழகிவிடும், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவருக்கோ தலை இடிக்கும். வீட்டில் ஒருவரிடம் கேட்டுப் பார்த்துவிட்டு அடியுங்கள். கச்சான் நாட்களில் 10 மில்லிலீற்றர் சிறு ஸ்பிரே போத்தலில் ஊற்றிக் கொண்டுபோய், மத்தியானம் வியர்வையைத் துடைத்தபின் ஒரு அடி போதும். மாரி காலத்தில் மொத்தமாக மூன்று அடியே காணும்.

ஒரு அடி ஏறக்குறைய 0.1 மில்லிலீற்றர். நாளுக்கு நான்கு அடி என்றால் 50 மில்லிலீற்றர் போத்தல் நான்கு மாதம் வரும். தேசிக்காய் வகைக்கு அந்த அளவே நல்லது, ஏனென்றால் அதிலுள்ள லிமொனீன் என்கிற மணப்பொருள் காற்றும் சூடும் வெளிச்சமும் பட்டுக் கெட்டு, தேர்ப்பன்ரைன் (பெயின்ற் கரைக்கும் எண்ணெய்) வாடை அடிக்கத் தொடங்கும். கெட்ட லிமொனீன் தோல் ஒவ்வாமையையும் கொண்டுவரும். பாதி காலியான பெரிய போத்தலில் காற்று அதிகம், கேடும் விரைவு. மோட்டார் சைக்கிள் சீற்றுக்கு அடியில், ஓட்டோவின் முன்தட்டில், குளியலறையில் வைக்காமல், வந்த பெட்டியோடு அலுமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள்.